பிச்சாவரத்துத் தில்லை

“நாள் பூரா சேத்துல நின்னு நண்டு வளை எண்ணணும் ஆரோக்கியம், இடுப்பே ஒடிஞ்சு போயிரும். ஆனா தில்லை பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காந்தாப் போதும், அலுப்பே தெரியாது.”

களத்தில் காப்பிக்கொட்டையைக் கிளறிக்கொண்டிருந்த அங்கப்பனின் கை அப்படியே நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம், லீவுக்கு வந்திருந்த மகள் கண்ணாயிதான் தன் சிநேகிதி ஆரோக்கியசெல்வியிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படிக்கிறாள் கண்ணாயி. கடலையே பார்க்காத மாரமங்கலத்து ஜனங்கள், மலையில் பிறந்த பிள்ளைக்கு மீன் படிப்பு எதற்கு என்று கேலி பேசினார்கள். அங்கப்பன்தான் அத்தனை பேரிடமும் மல்லுக்கு நின்று அனுப்பி வைத்தார். அனுப்பியது தப்போ என்று இப்போது பட்டது.

சிதம்பரம் பக்கத்து ஆளுக்குத்தான் தில்லை என்று பேர் இருக்கும். தில்லைநாயகமோ, தில்லைக்கண்ணோ, எந்தப் பயலோ.

அன்றிலிருந்து தொட்டதற்கெல்லாம் சந்தேகம். மகள் தலை சீவினால் சந்தேகம், தனியே சிரித்தால் சந்தேகம். மிளகுக் கொடியைப் பார்த்தபடி சும்மா நின்றால்கூட, அப்படி என்ன யோசனை என்று மனசு அரித்தது.

“பொங்கல் கழிஞ்சதும் எங்க அக்கா மகனுக்கே முடிச்சு வெச்சிரலாம். படிச்சது போதும்” என்றார் மனைவி சின்னத்தாயியிடம்.

“ஏனுங்க, இன்னும் ஒரு வருசந்தானுங்களே? புள்ளையை ஒரு வார்த்தை கேக்க வேண்டாமுங்களா?”

கேட்டார். கண்ணாயி கிளம்பும் நாள் காலையில், வாசலை மறித்து நின்றுகொண்டு கேட்டார்.

“தில்லைன்னா ஆரு கண்ணு?”

கண்ணாயி ஒரு கணம் அவரையே பார்த்தாள். பிறகு கலகலவென்று சிரித்துவிட்டாள். பெட்டியைத் திறந்து, பழைய பேப்பருக்குள் அழுத்தி வைத்திருந்த காய்ந்த இலைக் கொத்து ஒன்றை எடுத்து நீட்டினாள். ஓரத்தில் பென்சிலால் ‘தில்லை, பிச்சாவரம்’ என்று எழுதியிருந்தது.

“அது மரமுங்க அப்பா. கடலோரம் உப்புச் சேத்துல வளர்றது. கெளையை ஒடிச்சா பால் வடியும். கண்ணுல பட்டா பார்வையே போயிருமுங்க. வெறகு வெட்டறவங்ககூட அது பக்கம் அண்ட மாட்டாங்க.”

அங்கப்பனை வெட்கம் பிடுங்கித் தின்றது. போயும் போயும் ஒரு மரத்தைச் சந்தேகப்பட்டு, பெற்ற மகளின் படிப்பில் மண்ணைப் போடப் பார்த்தோமே என்று நொந்துபோனார்.

ஏற்காடு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பெட்டியை அவரே தூக்கிக்கொண்டு வந்தார். சேலம் பஸ்ஸில் ஜன்னலோரமாக இடம் பிடித்து உட்கார வைத்தார்.

“மனசுல எதும் வெச்சுக்காத சாமி. எத்தன வருசம் வேணுன்னாலும் படி. அப்பன் இருக்கறேன்.”

இறங்கிய பிறகும் அவருக்கு மனசு ஆறவில்லை. கடையில் ஒரு பை நிறைய ஆரஞ்சு வாங்கிக்கொண்டு திரும்பி ஓடி வந்தார். நல்லவேளை, டிரைவர் இன்னும் ஏறியிருக்கவில்லை. பஸ்ஸின் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு மகளின் ஜன்னலை நெருங்கினார்.

பின் சீட்டிலிருந்து ஒரு வாலிபன் முன்னால் குனிந்து கண்ணாயியிடம் கேட்டுக்கொண்டிருந்தான். “என்னைப் பத்தி உங்கப்பாகிட்ட என்னதான் சொன்ன?”

“மரம்னு சொல்லிட்டேனுங்க.”