இறங்க விடாத நாற்காலி

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

பனிச்சறுக்குப் பலகைப் பருவத்தின் கடைசிப் போட்டி, எங்கள் சுவிஸ் மலையில். அதுவரை ஓட்டங்களில் எங்கள் ஊர் ஃபிளூரின் ஜெயித்திருந்தான். தாவல்களில் இத்தாலிக்கார இவோ. இன்று ஜெயிப்பவனுக்கே கோப்பை.

உச்சிக்குக் கம்பிவடத்தில் தொங்கிப் போகும் லிஃப்டில் இருவரும் ஒரே நாற்காலியில் ஏறினார்கள். மடிமேல் இருந்த காப்புக்கம்பி சிக்கிக்கொண்டது; உச்சியில் இறங்க முடியவில்லை. நாற்காலி உச்சியைச் சுற்றி, அவர்களைக் கீழே கொண்டுவந்தது. மறுபடி மேலே.

“கம்பியைத் தூக்குடா இவோ.”

“முதல்ல நீ தொந்தியை உள்ள இழு.”

“பேரைக் கூப்பிடுறாங்கடா. கோப்பை போச்சு.”

“போனா ரெண்டு பேருக்கும்தான போகுது. பேசாம உக்காரு.”

“வேற என்ன பண்ணிட்டு இருக்கேன்?”

சாயங்காலம்வரை சுற்றினார்கள். காற்றில் சுழல்வதற்கு மதிப்பெண் போடும் நடுவர்கள் இதையும் விடவில்லை. வெளிப்பக்கம் உட்கார்ந்திருந்த ஃபிளூரினின் வட்டம்தான் பெரிது என்று கோப்பையை அவனுக்கே கொடுத்தார்கள்.

எங்கள் மலையில் இன்றுவரை லிஃப்ட் கிடையாது.