முதல் குடம்

மார்ச் பதினொன்றாம் தேதி காலை, தபால் நிலையத்துக்குப் பின்னால் உள்ள தெருவில், இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் வருகிறது. தையற்காரியின் வாசல் குழாய் முதலில் இருமுகிறது, பிறகு டீ நிறத்தில் கொட்டுகிறது. அவள் குடத்தை அதன் கீழே தள்ளுகிறாள். அவளுடைய மகள் மஞ்சள்காமாலையோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். மகளுக்கு நோய் வந்தது இந்தத் தண்ணீரால்தான் என்று காட்ட இன்று ஒரு வாய்ப்பு. நகராட்சியிலிருந்து பரிசோதனைக்குத் தண்ணீர் எடுக்க வந்தவர் கண்ணாடிப் புட்டியின் மூடியைத் திறக்காமலே நிற்கிறார். “பிடிங்க சார், இப்பவே பிடிங்க,” என்கிறாள். “கொஞ்ச நேரம் ஓடவிட்டுத்தாம்மா பிடிக்கணும். அதான் முறை.” “என் பொண்ணு ஓடவிட்டா குடிச்சா? வர்றதே நாலு குடம்.” அவர் குழாயின் வாயைப் பஞ்சால் சுற்றிச் சுற்றித் துடைக்கிறார். “துடைச்சாச்சுல்ல, அப்படியே மூஞ்சிக்குப் பவுடரும் போட்டுவிடுங்க,” என்கிறாள். பக்கத்து வீட்டு ஜன்னலில் யாரோ சிரிக்கிறார்கள். அவருடைய காது சிவக்கிறது.

தண்ணீர் மெல்ல வெளுத்து, வெயில் பட்டு மின்னுகிறது. இப்போதுதான் புட்டி திறக்கிறது, நிறைகிறது. அவள் முதலில் பிடித்த குடத்தைத் தூக்கி அவருடைய வண்டிக்குக் குறுக்கே வைக்கிறாள். “இதையும் எடுத்துட்டுப் போங்க.” “குடத்துல பிடிச்சது செல்லாதும்மா. வழியை விடுங்க.” அவள் நகரவில்லை. அவர் வண்டியைப் பின்னால் இழுத்துத் திருப்பிக்கொண்டு போகிறார். குடத்தின் அடியில் வண்டல் படிகிறது. நான்காம் நாள், அந்தத் தெருத் தண்ணீர் குடிக்கத் தகுந்தது என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறார்கள்.