எந்தச் சாம்பல்

நாகபூஷணத்தை எரித்த மறுநாள் காலை, பால் தெளித்து எலும்பு பொறுக்கிக் கடலில் கரைக்கலாம் என்று ஏகாம்பரம் சுடுகாட்டுக்குப் போனபோது, அனல்மின் நிலையத்து ஆட்கள் மூன்று பேர் அவளை வாளியில் அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"அது என் பொண்டாட்டிப்பா."

"தெரியும்ணா," என்றான் மேற்பார்வையாளன் சோபன். "முப்பது வருஷமா எங்க சாம்பலத்தான் சுவாசிச்சிருக்காங்க. நெஞ்சுல சேர்ந்த குரோமியம், டைட்டானியம் எல்லாம் இதுலதான் கெடக்கு. இந்த வட்டாரத்துச் சாம்பல் மொத்தமும் நிலையத்துக்குன்னு சட்டம் வந்துடுச்சில்ல."

"அது நிலக்கரிச் சாம்பல சொன்னது."

"சாம்பல்னுதான் போட்டுக்குது. எந்தச் சாம்பல்னு போடல."

ஏகாம்பரம் அங்கே கிடந்த மண்வெட்டியை எடுத்து சோபனின் மண்டையில் ஓங்கி அடித்தான். சோபன் சரிந்து விழுந்தான். மற்ற இருவரும் பாய்வதற்குள் ஏகாம்பரம் வாளிக்குள் கைவிட்டு, ஒரு பிடி அள்ளி வாயில் திணித்துக்கொண்டான். ஒருவன் அவன் கழுத்தை நெரித்தான். இன்னொருவன் இரும்புக் கம்பியை நுழைத்துத் தாடையை நெம்பினான். இரண்டு பற்கள் உடைந்து விழுந்தன. ஏகாம்பரம் ரத்தத்தோடு சேர்த்து அவளை விழுங்கினான்.

சோபன் மண்டையைப் பொத்திக்கொண்டு மெல்ல எழுந்தான்.

"விடுங்கடா," என்றான். "அண்ணனும் இந்த ஊர்தான். எங்க பூடப் போறாரு."