பால் பொங்கும் வரை

புது வீட்டுக்குள் சாமான்களைக் கொண்டுபோகுமுன் பால் பொங்கி வழிய வேண்டும். குடும்பத்தில் பதினோரு பேரும் அடுப்பைச் சுற்றி நின்றார்கள். பால் நுரைத்து விளிம்புக்கு வந்ததும் மூத்த மருமகள் பூமயிலின் கை தானாகப் போய் அடுப்பை அணைத்துவிட்டது. அரை லிட்டர் பாலில் தண்ணீர் ஊற்றி அத்தனை பேருக்கும் காப்பி போட்டுப் பழகிய கை அது.

“அடிப்பாவி! பால் வழியாத வீடு வெளங்குமாடி?” என்றாள் மாமியார் காளியம்மா.

“வேணும்னா செஞ்சேன் அத்தை? ஒரு சொட்டுச் சிந்தினாலும் நீங்கதானே வைவீங்க?”

மறுபடியும் அடுப்பை மூட்டினார்கள். காளியம்மா மருமகளின் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பால் ஏறியது. இந்த முறை காளியம்மாவே குனிந்து ‘ஃபூ’ என்று ஊதி நுரையை அடக்கிவிட்டாள்.

வீடே சிரித்தது. மூட்டை சுமந்து காய்த்துப்போன தோளைத் துண்டால் துடைத்தபடி மாமனார் சடையன் சொன்னார்: “ஒருத்தரும் இங்க நிக்கப்படாது. எல்லாரும் வெளிய நடங்க.”

லாரியில் கட்டியிருந்த பாய்களுக்குப் பக்கத்தில் குடும்பமே நின்று, உள்ளே அடுப்பில் பால் விழும் சத்தத்துக்குக் காது கொடுத்தது. யாரும் உள்ளே ஓடிவிடாதபடி மாமியாரும் மருமகளும் ஒருவர் கையை ஒருவர் பிடித்திருந்தார்கள்.