சித்தப்பாவுக்கு ஒரு பூ

தமிழ் டீச்சர் நோட்டை மேசையில் விரித்து, நான்காம் வரியின் மேல் விரலை வைத்தாள்.

எதிரே ஜெசிந்தா நின்றாள். ஏழாம் வகுப்பு, ஜன்னலோர பெஞ்சு. சாப்பாட்டு மணி அடித்து வகுப்பு காலியாகிவிட்டது.

"இத எந்த ரீல்ஸ்ல பாத்த?"

ஜெசிந்தா நோட்டையே பார்த்தாள்.

பதில் சொல்லாத பிள்ளை காப்பியடித்த பிள்ளை. அது அவளுடைய கணக்கு.

சந்தேகம் அவளுக்குப் பிறவிக் குணம் இல்லை. சூடு கண்ட பூனை. போன வருடம் அவள் வகுப்பிலிருந்து போன கவிதை மாவட்டப் போட்டியில் பரிசு வாங்கியது. பத்தே நாளில், அது ஒரு காலண்டர் தாளின் பின்பக்கத்திலிருந்து அப்படியே எடுத்தது என்று கடிதம் வந்தது. தலைமையாசிரியர் அதை எல்லா ஆசிரியர்களையும் உட்காரவைத்து வாசித்தார்.

அன்றிலிருந்து எந்தக் கவிதையையும் அவள் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் படிக்கிறாள்.

இந்த வருடம் வாரத்துக்கு ஒரு வகைக் கவிதை என்று வைத்துக்கொண்டாள். தமிழாசிரியைதானே, விட்டுவிட முடியுமா.

முதல் வாரம் ஹைக்கூ. முக்கால்வாசி நோட்டுகளில் ஒரே நிலா ஒரே குளத்தில் விழுந்து கிடந்தது.

இரண்டாம் வாரம் விடுகதைப் பாட்டு. பதினோரு பேர் எழுதிய விடையில் எழுத்துப்பிழைகூட ஒன்றுபோல இருந்தது.

மூன்றாம் வாரம் தாலாட்டு.

தாலாட்டில் ஒரு வழக்கம் உண்டு. அழுகிற குழந்தையிடம், உன்னை யார் அடித்தது என்று கேட்பார்கள். அத்தையா, மாமனா, ஆச்சியா என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு போவார்கள். அடித்தது எல்லாம் பூவால்தான். அதாவது யாரும் அடிக்கவில்லை.

அதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டாள். உங்கள் வீட்டில் இருப்பவர்களை வைத்து எழுதுங்கள், ஆளுக்கு ஒரு பூ கொடுங்கள் என்றாள்.

முப்பத்தாறு நோட்டு வந்தது. முப்பத்தைந்தில் பூ.

ஒன்றில் மட்டும் இப்படி இருந்தது.

*யாரடிச்சு நீ அழுத, எங்கிட்ட சொல்லு கண்ணே*
*ஆச்சி அடிச்சாளோ ஆவாரங் கொத்தாலே*
*மாமன் அடிச்சானோ மகிழம்பூச் சரத்தாலே*
*சித்தப்பா அடிச்சாரோ சார்ஜர் வயராலே*

கேலிப் பாட்டு. எவனோ ஒருவன் போனில் பாடி ஆடியிருப்பான், இவள் எழுதிக்கொண்டு வந்துவிட்டாள். அப்படித்தான் டீச்சர் நினைத்தாள்.

காலையில் அதை வகுப்பில் சத்தமாக வாசித்தாள். நான்காம் வரியில் வகுப்பே சிரித்தது. அவளுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் கோபம் வந்தது. ஜெசிந்தா சிரித்தாளா என்று அவள் பார்க்கவில்லை.

இப்போது அந்த வரிக்குக் கீழே சிவப்பில் எழுதினாள்.

*வீட்டில் காட்டிக் கையெழுத்து வாங்கி வரவும்.*

தப்புச் செய்த நோட்டுக்கு அதுதான் வழக்கம். இருபது வருடமாகக் கை தானாக எழுதும்.

நோட்டைத் தள்ளினாள்.

ஜெசிந்தா அதை எடுக்கவில்லை. குனிந்து சிவப்பு எழுத்தைப் படித்தாள். பிறகு விரலை நாக்கில் தொட்டு, நான்காம் வரியைத் தேய்த்தாள். பேனாவில் எழுதியது. போகவில்லை. மறுபடியும் எச்சில் தொட்டுத் தேய்த்தாள். மை கலங்கியது, தாள் நைந்தது.

"பூவே போட்டுருதேன் டீச்சர். கையெழுத்து மட்டும் வேண்டாம்."

டீச்சர் பேனாவை மூடினாள்.

ரேங்க் கார்டு ஞாபகம் வந்தது. ஜெசிந்தாவின் கார்டில் பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் எல்லா முறையும் ஒரே கை. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள், சித்தப்பா.

ஜெசிந்தா இன்னும் தேய்த்துக்கொண்டிருந்தாள். தாளில் ஓட்டை விழுந்துவிட்டது. சட்டைக் கை மேலே ஏறியிருந்தது.

டீச்சர் பார்த்தாள். கையில் வயரின் தடம் இரண்டாக மடிந்து, வளைந்து கிடந்தது. இப்படி ஒன்றை எந்த ரீல்ஸிலிருந்தும் எடுத்திருக்க முடியாது.

அவளுக்கு வெட்கமாக இருந்தது.

நோட்டை மெதுவாக இழுத்து, தன் சிவப்பு வரியை அடித்தாள். அது தெரியாதபடி இன்னும் இரண்டு முறை அடித்தாள்.

"சாப்பாட்ட எடுத்துட்டு இங்கயே வா. சாயங்காலம் நானும் கூட வாரேன்."

ஜெசிந்தா டப்பாவை எடுக்கப் போனாள். போகும்போது ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். நம்பிக்கை இல்லாத பார்வை. டீச்சரால் குறை சொல்ல முடியவில்லை.

நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினாள். முதல் வாரத்து ஹைக்கூ வந்தது.

*வாசலில் செருப்புச் சத்தம்*
*டிவியை அணைத்தோம்*
*பல்லியும் பேசவில்லை*

அதன் கீழே அவளுடைய சிவப்பு எழுத்து.

*சொந்தமாக எழுதிப் பழகு.*

வெளியே தட்டு கழுவும் சத்தம் கேட்டது.

மேசையின் மறுபக்கம் முப்பத்தைந்து நோட்டுகள், திருத்தி அடுக்கியவை. எல்லாவற்றுக்கும் சரி போட்டிருந்தாள். சிலவற்றுக்கு நட்சத்திரமும்.

மேலே இருந்ததை எடுத்தாள். ரூபன். வகுப்பிலேயே நல்ல கையெழுத்து.

*பெரியம்மா அடிச்சாளோ பிச்சிப்பூ நாராலே.*

பக்கத்தில் நட்சத்திரம். தாலாட்டு முழுவதிலும் பெரியம்மா ஒருத்திதான் இருந்தாள்.

அவள் வருகைப் பதிவேட்டை இழுத்துக் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். பிள்ளைகளின் முகவரி, போன் எண், பாதுகாவலர். ஸ்கேலை வைத்து ரூபனின் வரிசைக்கு வந்தாள்.

பாதுகாவலர், பெரியம்மா.