ஆடிய மூடி

மெக்கானிக் ஆயில் மூடியைத் திருகிக் கழற்றி, அந்தத் துளையின் மேலேயே தலைகீழாக வைத்தார்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நல்ல எஞ்சின் என்றால் மூடி வைத்த இடத்தில் சிவனே என்று உட்கார்ந்திருக்கும்.

இது தாளம் தப்பாமல் குதித்தது. துளையைச் சுற்றி நீலப் புகை குபுகுபுவென்று கிளம்பியது.

டிரைவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டான். காலையிலிருந்து கண்ணாடி முன்னால் பழகி வைத்திருந்த முகம்.

"பேக் கம்ப்ரஷன் இந்த அடி அடிக்குதே," என்றார் மெக்கானிக். "பிஸ்டன் ரிங் எல்லாம் தேஞ்சு போச்சு. எஞ்சினையே இறக்கணும்."

ரிங்குக்கு ஒரு கேடும் இல்லை.

எஞ்சின் வயிற்றில் சேரும் காற்று வெளியேற மேலே ஒரு ரப்பர் குழாய் உண்டு. அது ஒரு சின்ன டப்பாவுக்குப் போகும். காற்றோடு கலந்து வரும் எண்ணெய் டப்பாவில் தங்கிவிடும். மிச்சக் காற்று இன்னொரு குழாய் வழியாக ஏர் ஃபில்டர் பக்கம் போகும். அந்த முதல் குழாயின் வாயில், மெக்கானிக் வருவதற்குக் கால் மணி நேரம் முன்னால், டிரைவர் தன் பழைய பனியனைக் கிழித்துக் குத்தி அடைத்திருந்தான்.

குழாயை ஒரு தரம் உருவிப் பார்த்திருந்தால் குட்டு உடைந்திருக்கும். ஆனால் மெக்கானிக் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார்.

அவரைக் கூட்டி வந்தது மச்சான், அதாவது மனைவியின் அண்ணன். வண்டியை விற்றுவிட்டுத் தன் குடோன் வாசலில் வாட்ச்மேனாக நாற்காலி போட்டு உட்காரும்படி டிரைவரிடம் சொல்லியிருந்தார். எல்லோர் முன்னாலும் முதுகு வலி என்று முனகியிருந்தவன், "சரி மச்சான்" என்று சொல்லி வைத்தான். எஞ்சின் போன வண்டியை யாரும் வாங்க மாட்டார்கள் என்பது அவன் கணக்கு.

பதினொரு வருஷமாக ஊரார் வீடு மாறுவது இந்த வண்டியில்தான். கட்டிலும் பீரோவும் அவன் பாடு. கண்ணாடி, பீங்கான் எல்லாம் மனைவி துணியில் சுற்றி முடிச்சுப் போடுவாள். இன்றுவரை ஒரு டம்ளர் உடைந்ததில்லை. மாதம் ஒரு முறை அந்த டப்பாவைக் கழற்றி எண்ணெயைக் கொட்டுவதும் அவள்தான்.

அப்பேர்ப்பட்டவள் அண்ணன் சொன்னதும் கட்சி மாறிவிட்டாள். விடிந்ததும் வாளியும் துணியுமாக வந்து, பானெட்டைத் திறந்து உள்ளே வரைக்கும் துடைத்தாள். விற்பதற்கு அவ்வளவு அவசரம்.

இப்போதும் வாசலில் நின்றுகொண்டு, உள்ளே இருக்கிற சுவர்க்கடிகாரத்தை எட்டி எட்டிப் பார்த்தாள். அடுப்பில் பால் வைத்திருப்பாள்.

மெக்கானிக் மூடியை மாட்டினார். "இப்ப நல்லா மிதிங்க."

டிரைவர் ஆக்ஸிலரேட்டரில் காலை வைத்தான். அடைத்த குழாயோடு இரண்டு நிமிஷம் தாங்கும். அதற்கு மேல் உள்ளே திணறுகிற காற்று வேறு வழி தேடும். கசிவைத் தடுக்கிற ஆயில் சீலைப் பிதுக்கித் தள்ளிவிட்டு எண்ணெயைத் தரையில் கொட்டும். அப்புறம் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது.

மிதித்தான். எண்ணெய் அளவு பார்க்கிற குச்சி தானாகவே இரண்டு விரல் மேலே எழும்பியது. மச்சான் ஓர் அடி பின்னால் போனார்.

"இன்னும்," என்றார் மெக்கானிக்.

மிதிக்காவிட்டால் சந்தேகம் வரும். மிதித்தால் சீல் போகும்.

"போதும், நிறுத்துங்க." மனைவியின் குரல். "செத்ததை எத்தனை தடவை எழுப்பிப் பார்ப்பீங்க? டீசல் என்ன குழாயில வருதா?"

அவளுடைய கஞ்சத்தனத்தை வாழ்க்கையில் முதல் முறையாக மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டு சாவியைத் திருப்பினான்.

"எடைக்குப் போட்டாத்தான் உண்டு மாப்பிள," என்றார் மச்சான். மெக்கானிக் கையில் படாத எண்ணெயைத் துடைத்துக்கொண்டார்.

அவர்கள் தெருமுனை திரும்புகிறவரை டிரைவர் தொங்கிய முகத்தோடு நின்றான். பிறகு ஒரே ஓட்டமாக ஓடிக் குழாயை உருவி, பனியனை இழுத்துப் போட்டுவிட்டுத் திரும்ப மாட்டினான். சந்தோஷம் தாங்கவில்லை. எஞ்சினைக் கிளப்பி, மெக்கானிக் செய்தது போலவே மூடியைத் தலைகீழாக வைத்தான்.

மூடி குதித்தது.

அதே தாளம். அதே நீலப் புகை.

மிதித்த மிதியில் ரிங் நிஜமாகவே போய்விட்டதா? குடோன் வாசல் நாற்காலி கண் முன்னால் வந்து நின்றது. பச்சைப் பிளாஸ்டிக், ஒரு கை உடைந்தது.

எஞ்சினை நிறுத்தினான். குழாயைத் தடவிக்கொண்டே போனான். முதல் குழாய் காலி. டப்பாவிலும் அடைப்பு இல்லை. இரண்டாவது குழாய், ஏர் ஃபில்டரைத் தொடுகிற இடத்தில், கல் மாதிரி இருந்தது.

கிளிப்பைத் தளர்த்தி உருவினான்.

உள்ளே ஒரு துணி. அவனுடையதைப் போல அள்ளித் திணித்தது அல்ல. அளவாகச் சுருட்டி, எஞ்சின் இழுத்து விழுங்கிவிடாதபடி வாலை வெளியே விட்டுக் கிளிப்போடு சேர்த்து இறுக்கியிருந்தது. மாம்பழ நிறச் சேலைக் கிழிசல். நடுவில் ஒரு முடிச்சு.

கண்ணாடி டம்ளருக்குப் போடுகிற முடிச்சு.

வீட்டுப் பக்கம் மூக்கை உறிஞ்சிப் பார்த்தான். பால் வாசனை எதுவும் வரவில்லை.

"என்னங்க," உள்ளேயிருந்து அவள் கூப்பிட்டாள். "அண்ணன் போன் பண்ணினார். மனசு கேக்கலையாம். ஞாயித்துக்கிழமை வேற மெக்கானிக்கைக் கூட்டிட்டு வர்றாராம்."

"வரட்டும்," என்றான்.

பனியனைக் குப்பையில் எறிந்தான். சேலைத்துணியை உதறி மடித்து, டூல் பெட்டியில் ஸ்பேனர்களுக்கு மேலே, அவள் கைக்கு எட்டுகிற இடமாகப் பார்த்து வைத்தான்.