சான்றிதழ் கேட்காத பக்கம்

வருமானச் சான்றிதழை எங்கே பதிவேற்றுவது என்று தேடிக்கொண்டிருந்தாள்.

பக்கத்தை மேலே தள்ளினாள். கீழே தள்ளினாள்.

இல்லை.

மூன்று கட்டணங்கள் இருந்தன. ஆயிரத்து இருநூறு. அறுநூறு. முந்நூறு. மனநல ஆலோசகரிடம் ஒரு மணி நேரம் வீடியோவில் பேசுவதற்கு. முந்நூறு ரூபாய்க்கு எதிரே, குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு என்று போட்டிருந்தது. அடியில் ஒரு வரி.

உங்களால் சிரமமில்லாமல் தர முடிந்ததை நீங்களே தேர்ந்தெடுக்கலாம்.

நீங்களே.

அவள் அந்தச் சொல்லை நம்பவில்லை. எட்டு வருடமாக இந்தக் கணினி மையத்தில் ஊராருக்கு விண்ணப்பம் போடுகிறாள். வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி, காப்பீட்டு அட்டை. சான்று கேட்காமல் யாரும் எதையும் குறைத்ததில்லை. பக்கத்தைச் செய்தவர்கள் எதையோ விட்டுவிட்டார்கள்.

காப்பீட்டு அட்டை செல்லுமா என்று பார்த்தாள். செல்லாது என்று எழுதியிருந்தது.

முந்நூற்றைத் தொட்டாள்.

புதன்கிழமை, மதியம் ஒன்றே முக்கால். ஆலோசகர் பெயர் ஷமீமா. பேசி முடித்த பிறகு பணம் அனுப்பினால் போதும்.

தன் வருமானச் சான்றிதழ், குடும்ப அட்டை, ஆதார். மூன்றையும் ஸ்கேன் செய்து, அளவைக் குறைத்து, ஷமீமாவின் மின்னஞ்சலுக்கு அனுப்பிவைத்தாள். ஆதார் இரண்டு பக்கமும்.

ஏழு மாதமாக விடியும்போது நெஞ்சு அடைக்கிறது. கை சில்லிட்டுப் போகிறது. இ.சி.ஜி. எடுத்தார்கள். எக்கோ எடுத்தார்கள். இரத்தம் எடுத்தார்கள். டாக்டர் தாள்களைப் புரட்டிவிட்டு, ஒன்றுமில்லை, கவுன்சிலிங் போய்ப் பாருங்கள் என்றார்.

வெளியே வந்ததும் கணவன் கருத்தப்பாண்டி, "அதான் ஒண்ணுமில்லன்னுட்டாருல்ல, பெறகென்ன?" என்றான். டீ வாங்கிக் கொடுத்தான்.

திரும்பும் பேருந்தில் அவள் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டாள்.

கட்டணத்தைச் சொன்னபோது அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"பேசுறதுக்கா முந்நூறு? எங்கிட்ட ஓசியிலேயே பேசலாமே."

"நீங்க தூங்கிருவீங்க."

அவன் யோசித்தான்.

"அதுவும் சரிதான்" என்றான்.

புதன் காலை ஒரு பெண்மணி வந்தாள். மகளின் உதவித்தொகைக்கு விண்ணப்பம்.

"வருமானம் எவ்வளவுக்கா போட?"

"எல்லாருக்கும் போடுறதையே போடு தாயி. நான் என்ன பஸ் கம்பெனியா வச்சிருக்கேன்?"

அறுபதாயிரம் என்று அடித்தாள். விரல் தானாகப் போனது. அவளுடைய சான்றிதழிலும் அந்த எண்தான். போன வருடம் மகனின் பள்ளிக்காக வாங்கியது. கணவனின் லோடு ஆட்டோவும் அவள் சம்பளமும் சேர்ந்தால், அதைப் போல் ஐந்து மடங்கு வரும்.

ஒருநாளும் அது உறுத்தியதில்லை.

ஒன்றரைக்கு முதலாளி சாப்பிடப் போனார். அவள் ஷட்டரைப் பாதி இறக்கினாள். ஹெட்போனை மாட்டினாள்.

திரையில் ஷமீமா வந்தார். ஐம்பது வயதிருக்கும். பின்னால் கொடியில் ஒரு துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

"வணக்கம் மேடம். டாக்குமெண்ட் வந்துச்சா? தெளிவா இல்லன்னா திரும்ப ஸ்கேன் பண்ணி அனுப்புறேன்."

"வந்துச்சும்மா. நான் திறக்கல."

"திறக்கலயா? அப்ப எப்படி மேடம்?"

"நீங்க முந்நூறுன்னு சொல்லியிருக்கீங்க. எனக்கு அது போதும்."



மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

இனி யாரும் அதைத் திறக்கப் போவதில்லை. முந்நூறு முந்நூறாகவே இருக்கும். இன்னும் பத்து வாரம் வந்தாலும்.

ஷட்டர் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"மேடம், அதைத் திறந்தா அறுபதாயிரம்னு இருக்கும். வருசத்துக்கு. அது வந்து... எல்லாரும் போடுறது. எங்களுக்கு அதவிடக் கூடுதலா வருது."

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார். திரை இருண்டுவிடும். நாளை விடியும். அதே நெஞ்சு. அதே கை. ஒன்றுமில்லை என்று எழுதிய அதே தாள்கள்.

ஷமீமா சிரித்தார். சத்தமாகவே. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"எங்க வீட்டு பீரோவுலயும் அப்படி ஒண்ணு இருக்கு. சரி, அத விடுங்க. உங்களால எவ்வளவு முடியும்?"

இந்தக் கேள்வியை அவள் யாரிடமும் கேட்டதில்லை. அவளிடமும் யாரும் கேட்டதில்லை.

வாடகை. பள்ளி. ஆட்டோ தவணை. விரல்களை மடக்கினாள். ஷமீமா அவசரப்படுத்தவில்லை.

"அறுநூறு முடியும் மேடம். ஆனா வாராவாரம் முடியாது."

"அப்ப ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா வாங்க. நடுவுல ரொம்ப முடியலன்னா மெசேஜ் போடுங்க. அதுக்குக் காசு இல்ல."

அவ்வளவுதான். முத்திரை இல்லை. கையெழுத்து இல்லை. ஒப்புகைச் சீட்டு இல்லை.

அவளுக்குப் பசித்தது. டிபன் டப்பாவை இன்னும் திறக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. பசி என்று ஒன்று தெரிந்து எத்தனையோ நாளாகியிருந்தது.

"இப்ப சொல்லுங்கம்மா. எப்படி இருக்கீங்க?"

நல்லாயிருக்கேன் என்று வாய்வரை வந்தது.

யார் கேட்டாலும் சொல்வது.

ஷமீமா காத்திருந்தார்.

அவள் நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.